அரைப்பேர்

அட்டனில், பேக்கரிக்கு மேலே ஓர் அறை.
இரவு பதினொன்றுக்குக் கீழே பாண் வேக
நான் மலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு குப்பி.
பொகவந்தலாவைக்கு அப்பால், கீழ் டிவிசன் லயங்களிலிருந்து
பெயர் எழுதாமல் இலக்கம் ஒட்டி
ஐஸ் பெட்டியில் வந்தவை.
இப்போது அவை வெறும் வரிகள்,
நான்கே எழுத்தில் எழுதப்பட்டவை.
குப்பிக்கு நாற்பதாயிரம் வரி.
ஒன்றுக்கு மட்டும் ஒன்பதாயிரம்; ஏனென்று தெரியவில்லை.

நாற்பதாயிரம் அவற்றின் தொகையல்ல,
இயந்திரம் அள்ளிய அளவு.
குளத்தில் எவ்வளவு நீர் என்று வாளியைக் கேட்டால்
வாளி தன் கொள்ளளவைச் சொல்லும்.
ஆகவே எல்லாம் பங்கு.
எல்லாம் கூட்டினால் ஒன்று.
ஒன்று பெருத்தால் மற்றவை மெலியும்,
மெலியாமலே மெலியும்.

நாற்பத்தேழாம் இலக்கம் யோகமலர்.
(எனக்குத் தெரியக்கூடாது. தெரியும்.)
குப்பியைத் தந்த கையோடு கேட்டாள்:
"சரி மிஸ், உள்ளுக்கு எத்தன இருக்கு?"
இன்னது நூற்றுக்கு இத்தனை வீதம் என்றேன்.
"வீதம் கெடக்கட்டும். எத்தன?"

அடுத்த முறை உப்பைப் பற்றிச் சொன்னேன்.
உப்பேரியில் வாழும் ஒரு கிருமி,
எந்த மனிதக் குடலிலும் குடியிருந்ததில்லை.
அதில் பத்து லட்சத்தை எண்ணி
ஒவ்வொரு குப்பியிலும் முதலிலேயே போட்டுவிடுகிறோம்.
கடைசியில் அந்த அந்நியன் நூற்றில் ஒருவனாக நின்றால்
மற்றவர்கள் அவனைப்போல் தொண்ணூற்றொன்பது மடங்கு.
அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்தபடி
கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துத் தகவல் வந்தது.
நிறுவையில் சாக்கை இரண்டு தரம் வைக்கச் சொன்னாளாம்.
முதலில் கொழுந்து மட்டும்.
பிறகு கொழுந்துக்கு நடுவே ஒரு கிலோ சீனி,
கோப்பரேட்டிவ் பொட்டலம், பிரிக்காதது.
முள் அறுநூறு கிராம் ஏறி நின்றதாம்.
சண்டையில் சீனி
தொழிற்சாலை லொறியில் ஏறிப் போய்விட்டது.

அந்த அறுநூறை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்,
ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத பக்கத்தில்.

இனி நாற்பத்தேழு.
பிரிவோட்டெல்லா பாதிக்கு மேல்.
ஒரு கிருமி தன் மரபணுவில் ஏழு பிரதி வைத்திருக்கிறது:
பிரட்டுக் களத்தில் ஒரே ஆள் ஏழு தரம் கை தூக்குகிறான்.
ஏழால் வகுத்து உட்கார வைத்தேன்.
பிஃபிடோவின் கட்டத்தில் பூச்சியம்.

இல்லாததால் பூச்சியமா,
நாற்பதாயிரத்துக்குள் அகப்படாததால் பூச்சியமா?
இரண்டுக்கும் ஒரே வட்டம்.
இந்த மலையில் எத்தனையோ பேர்
எந்தப் பதிவிலும் விழாமல் கொழுந்தெடுத்தார்கள்,
பிள்ளை பெற்றார்கள், செத்தார்கள்.

பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது.
மென்பொருள் தானாகவே அங்கே அரையைப் போட்டுவிடும்.
பூச்சியம் தசம் ஐந்து.
எல்லோரும் செய்வதுதான்.
நிறை குறைந்த நாளில் கணக்கப்பிள்ளை போடுகிற
அரைப்பேர் போல:
வந்தாள், விடியற்காலை ஏறினாள்,
அட்டை முழுப்பசியோடுதான் கடித்தது,
செக்ரோலில் அரை ஆள்.

அரையை அழித்தேன்.
வேறு மாதிரி ஒன்று இருக்கிறது,
இல்லாமைக்கு ஒரு நிகழ்தகவு,
காணாமைக்கு வேறொரு நிகழ்தகவு;
விடியும்வரை ஓடும், சில வேளை முடியாமலே நிற்கும்.
ஓட விட்டேன்.

காலையில் அவளுக்குத் தொலைபேசினேன்.
கிராமுக்கு ஏறக்குறைய மூவாயிரம் கோடி என்றேன்.
"ஏறக்குறைய?"
இரண்டாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில்.

சிரித்தாள். மறுமுனையில் யாரோ
பீலியடியில் வாளியை வைக்கும் சத்தம்.
"இவ்வளவு தள்ளிச் சொன்னா
நிறுவைக்காரன அடிக்கவே போயிருவாங்க மிஸ்."
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"ஆனா அவன் ஒருநாளும்
நடுவுலன்னு சொன்னதில்ல."

பிஃபிடோவைப் பற்றி அவள் கேட்கவில்லை.
மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.